பேரிளம்பெண்ணுக்குப் பின்

(அறக்கட்டளை விழாவின் மகளிர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகளிர் பருவங்கள் ஏழு என்று நம் பாட்டியல் நூல்கள் வகுத்துள்ளன. 7 வயது வரை பேதை, 11 வரை பெதும்பை, 13 வரை மங்கை, 19 வரை மடந்தை, 25 வரை அரிவை, 31 வரை தெரிவை, 40 வரை பேரிளம்பெண். உலா இலக்கியங்கள் இவ்வேழு பருவத்தாரையும் வீதியில் நிறுத்திப் பாடின. தமிழாசிரியையாக இருந்த காலமெல்லாம் இந்தப் பட்டியலை மாணவியர்க்கு மனப்பாடம் செய்வித்தேன். ஓராண்டு ஒரு மாணவி எழுந்து, "நாற்பதுக்கு மேல் என்ன பெயர், அம்மா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வியில் பொருள் இருந்தது. நாற்பதுக்கு மேல் பெயர் இல்லை. பட்டியல் அங்கே நின்றுவிடுகிறது.

பெயர் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவது கடினம். மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் மௌனத்திற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எண்ணுகிறேன். பூப்பெய்தும்போது ஊரைக் கூட்டி நீராட்டுகிறோம். கருவுற்றால் வளைகாப்பு நடத்துகிறோம். அந்த உடல், அடுத்த பெரும் மாற்றத்தை அடையும்போது மட்டும், "நின்று போயிற்றா, தொல்லை விட்டது" என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறோம். தொல்லை விடுவதும் உண்டு. சிலருக்குப் புதிய தொல்லைகள் அப்போதுதான் தொடங்குவதும் உண்டு. அவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தக்கவரிடம் காட்ட வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் விளக்கம். ஓராண்டுக் காலம், அதாவது தொடர்ந்து 12 மாதங்கள், வேறு காரணம் எதுவுமின்றி மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டது என்று மருத்துவம் கொள்கிறது. மேலைநாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளே பலருக்கும் கடினமானவை. விலக்கு நாள்கள் முன்னும் பின்னுமாக வரும். சில மாதம் மிகும், சில மாதம் வராது. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அதை இயல்பென்று விடாமல் மருத்துவரைக் காண வேண்டும். எழுபதைக் கடந்து வாழும் பெண்கள் பெருகிவிட்ட இந்நாளில், ஒரு பெண்ணின் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பெயரில்லாப் பருவத்தில்தான் கழிகிறது.

நான் பணியாற்றியது விருதுநகர் மாவட்டத்தில். பிற மாவட்டங்களிலிருந்து வந்துள்ள உறவினர்களுக்காக அந்த மண்ணைப் பற்றிச் சில சொற்கள் சொல்கிறேன். கரிசல் பூமி, மழை குறைவு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதன் பின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் சிவகாசியைச் சுற்றி வேர்விட்டன. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் என்று அந்த வட்டாரம் முழுவதும் விடியற்காலையில் ஆலைப் பேருந்துகள் பெண்களை ஏற்றிச் செல்வதைக் காணலாம். குழாய் உருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டியில் அடுக்குவது, தாள் ஒட்டுவது எனப் பெண் கைகள் செய்யும் வேலை மிகுதி. தீபாவளியை வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய நாளாகப் போற்றும் நம் வீடுகளில் பட்டாசு வெடிப்பதா, கூடாதா என்பது தனி விவாதம். அதைச் செய்யும் பெண்ணின் உடல்நலம் குறித்து நமக்குள் இரண்டு கருத்து இருக்க முடியாது.

அந்தப் பெண்களில் பலர் என் மாணவியரின் தாய்மார்கள். பிற்காலத்தில் என் மாணவியரே அந்த வயதை எட்டினார்கள். பெற்றோர் கூட்டத்திற்கு வந்தால் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்ட பிறகு தயங்கி நிற்பார்கள். "திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் தீ வைத்த மாதிரி எரிகிறது, டீச்சர். ரெண்டு நிமிஷத்தில் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. அப்புறம் குளிருகிறது" என்பார்கள். அதைச் சொல்ல வேறு யாரும் இல்லாததால் என்னிடம் சொன்னார்கள்.

அந்த எரிச்சலின் காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன். நம் மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைக் காக்கும் ஒரு பகுதி உண்டு. உடல் வெப்பம் சிறிது ஏறினாலும் இறங்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும். சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறையும்போது அந்தப் பொறுமையின் எல்லை சுருங்கிவிடுகிறது. சிறிதளவு வெப்பம் கூடினாலும் உடல் மிகையாகச் சூடேறிவிட்டது என்று மூளை கணித்து, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைப் பெருக்குகிறது. இதுவே வெப்ப அலை. பிறர் நினைப்பதுபோல் இது கற்பனையன்று, கோபமும் அன்று. அமெரிக்காவில் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, அடிக்கடி வெப்ப அலை வருவோர்க்கு அது சராசரியாக 7 ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கிறது என்று 2015இல் தெரிவித்தது. "ரெண்டு மாசத்தில் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்பவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த வெப்ப அலையைச் சித்திரை வெயிலில், பட்டாசு அறைக்குள் வைத்துப் பாருங்கள். மருந்து கையாளும் அறையில் தீப்பொறிக்கு அஞ்சி மின்விசிறி வைப்பதில்லை. வெளியே அனல், உள்ளே உடலின் அனல். அறையை விட்டு எழுந்தால் அன்றைய கணக்குக் குறையும். கூலி செய்த வேலைக்கு ஏற்பவே வரும். கழிப்பறை தொலைவில் இருந்தாலோ தூய்மையாக இல்லாவிட்டாலோ பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வியர்வையில் நீர் போகிறது, குடிப்பதும் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் சிறுநீர்த் தாரையின் மென்படலமும் மெலிந்து, நோய்த்தொற்று எளிதில் பற்றும். நீர்க்கடுப்பு என்று மாதந்தோறும் மாத்திரை வாங்கும் பெண்ணின் கதையில் இவை அனைத்தும் அடங்கியுள்ளன.

உறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் நான்கைந்து முறை வியர்த்து விழிப்பவர் விடியலில் வேலைக்குச் செல்கிறார். உறக்கம் கெட்டால் கவனம் சிதறும் என்பது யாவரும் அறிந்தது. 2012இல் முதலிப்பட்டியிலும், 2021இல் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடி விபத்துகளை எங்கள் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். அவற்றைத் தொழிலாளியின் அயர்வின் மேல் சுமத்துவது பெரும் பாவம். அவ்வாறு நான் சொல்லவில்லை. கைகள் நிதானமாக இருக்க வேண்டிய தொழிலில், அந்தக் கைகளுக்கு உரியவரின் உறக்கமும் உடல்நலமும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதையே சொல்கிறேன்.

இந்த அவையில் தொழில் நடத்துவோரும் கடை வைத்திருப்போரும் இருக்கிறீர்கள். குடிநீர், காற்றோட்டம், தூய கழிப்பறை, உட்கார வசதி ஆகியவை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதலே முதலாளியின் கடமைகளாகச் சொல்லப்பட்டவை. கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆதலால் உங்களிடம் சலுகை கேட்கவில்லை. 45 வயதைக் கடந்த பெண் ஒருவர் ஐந்து நிமிடம் நிழலில் அமர்ந்து நீர் அருந்திவிட்டு வந்தால், காரணம் கேட்டு அவரைக் கூனிக் குறுக வைக்காதீர்கள். மருந்து வேலையில் பாதுகாப்புக்காக விதிக்கப்பட்ட பருத்தி ஆடை இந்தப் பருவத்திற்கும் ஏற்றதே. வீட்டில் இருப்போரும் செயற்கை இழை ஆடையைத் தவிர்த்துத் தளர்ந்த பருத்தி உடுத்தினால் வேறுபாட்டை உணரலாம். மிகுந்த காரமும், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காப்பியும் பலருக்கு வெப்ப அலையைத் தூண்டும். எது தூண்டுகிறது என்பதை இரண்டு வாரம் நாட்குறிப்பில் எழுதி வந்தால் தாமே கண்டுகொள்ளலாம்.

அடுத்து நான் சொல்லப் போவதை, வேறு எது மறந்தாலும், மறவாதீர்கள். ஓராண்டு முழுதும் நின்றுவிட்ட பிறகு மீண்டும் இரத்தம் பட்டால், அது ஒரு துளியாக இருந்தாலும், ஒரே ஒரு நாளாக இருந்தாலும், மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெரும்பாலும் காரணம் எளியதாகவே இருக்கும். ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவர்க்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் காணப்படுகிறது. தொடக்கத்திலேயே கண்டால் அதைப் பெரும்பாலும் குணப்படுத்த முடியும்.

சரம் பின்னும் வேலை செய்த ஒரு தாயை நான் அறிவேன். என் மாணவியின் அன்னை. 54 வயது; விலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மீண்டும் பட்டபோது அக்கம்பக்கத்தார், "உடம்புச் சூடு, வெந்தயம் ஊற வைத்துக் குடி" என்றார்கள். ஒரு மூதாட்டி, "வயசு திரும்புகிறது" என்று சொல்லிச் சிரித்தாராம். அவரும் நம்பினார். ஏழு மாதம் யாரிடமும் சொல்லாமல் துணியைத் துவைத்து, பிறர் கண்ணில் படாமல் மாட்டுக் கொட்டகையில் உலர்த்தினார். மகள் தற்செயலாக அந்தத் துணியைக் கண்டதால் மதுரைக்கு அழைத்துச் சென்றார்கள். நோய் கருப்பைக்குள்ளேயே இருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்று பேரப் பிள்ளையோடு இருக்கிறார். ஏழு மாதம் நோய் பரவாமல் இருந்தது அவருடைய நற்பேறு. எல்லார்க்கும் அந்த நற்பேறு வாய்க்கும் என்று நம்பி இருந்துவிட இயலாது.

இதற்கு நேர்மாறான மற்றொரு தவறும் நடக்கிறது. "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாத் தொல்லையும் தீரும்" என்ற பேச்சு கூலி வேலை செய்வோர் நடுவில் எளிதாகப் பரவுகிறது. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்று இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. அரசு அமைத்த குழு, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு செய்துகொண்டதைக் கண்டது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால், இயற்கை சில ஆண்டுகளில் மெல்லச் செய்வது ஒரே நாளில் நிகழ்ந்துவிடும். எலும்பும் இதயமும் அதன் விலையைத் தரும். அறுவை சிகிச்சை தேவைப்படும் நோய்கள் உண்டு. "வேறு வழி உண்டா? சூலகத்தை விட்டுவைக்க முடியுமா?" என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டு, இன்னொரு மருத்துவரின் கருத்தையும் அறிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மிகுந்த போக்கும் அதனால் வரும் இரத்தச் சோகையும் தனியே சொல்லத்தக்கவை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டினர்க்கு இரத்தச் சோகை உண்டு என்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவதை எல்லாம் வயதின் மேல் போட்டுவிடாமல் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டுக் குறைபாடும் இதே களைப்பைத் தரும்; அதையும் பார்த்துவிடுவது நல்லது.

சிகிச்சையைப் பற்றிச் சில செய்திகள். குறைந்துபோன இயக்குநீரை மருந்தாகத் தரும் முறை நெடுங்காலமாக உண்டு. 2002இல் அமெரிக்கப் பேராய்வு ஒன்று, அம்மருந்தால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் சற்று மிகுவதாக அறிவித்ததும் உலகம் முழுதும் அச்சம் பரவியது. அந்த ஆய்வில் பங்குபெற்றோரின் சராசரி வயது 63. பின்வந்த ஆராய்ச்சி, 60 வயதுக்கு உட்பட்ட, விலக்கு நின்று பத்தாண்டு ஆகாத, பிற நோயற்ற பெண்களுக்குப் பயனே மிகுதி என்று தெளிவுபடுத்தியது. மார்பகப் புற்றுநோய், இரத்த உறைவு, பக்கவாதம், ஈரல் நோய் உற்றவர்க்கும், காரணம் அறியாத இரத்தப்போக்கு உள்ளவர்க்கும் அது ஏற்றதன்று. கருப்பை உள்ளவர்க்கு ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டிரானும் சேர்த்தே தர வேண்டும். ஆதலால் தோழி உண்ட மாத்திரையைக் கேட்டு வாங்கி உண்ணாதீர்கள்.

அகிம்சை போற்றும் நமக்கு இங்கே ஒரு கேள்வி எழும். இந்த மருந்தின் பழைய வகைகளில் ஒன்று, சினையுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. தாவரப் பொருளை மூலமாகக் கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கும் எஸ்ட்ரடையால் என்னும் வகையும் உண்டு. மாத்திரையாகவும், தோலில் தடவும் களிம்பாகவும் கிடைக்கிறது. எது வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. இயக்குநீர் வேண்டாதோர்க்கு வேறு மருந்துகளும் உள்ளன. உறுப்பின் வறட்சியால் தாம்பத்தியத்தில் வலி உறுவோர்க்கும், அடிக்கடி நீர்க்கடுப்பு வருவோர்க்கும், அவ்விடத்தில் மட்டும் இடும் களிம்பு நல்ல பயன் தரும். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்பதற்காக விழாக்களுக்கே வராமல் இருக்கும் சகோதரிகளை நான் அறிவேன். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கிச் சில நொடி நிறுத்தித் தளர்த்தும் பயிற்சியை நாள்தோறும் செய்தால், மூன்று மாதத்தில் பலர்க்குக் கசிவு குறையும். இதற்குச் செலவு இல்லை. பிறர் அறியவும் மாட்டார்கள்.

இனி உணவு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பு விரைந்து தேயத் தொடங்குகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிவது அந்தத் தேய்வின் முடிவு. தொடக்கம் ஐம்பது வயதில். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லி கிராம் உண்டு. இரண்டு குவளைப் பாலும் தயிருமாகச் சேர்ந்தால் 480 அளவில் கிடைக்கும். தோல் நீக்காத எள் ஒரு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 100 தரும். எண்ணெய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற விருதுநகரில் எள்ளுக்குப் பஞ்சமில்லை. எஞ்சியதைப் பருப்பும் கீரையும் நிரப்பும். மழைக்கால நோன்பில் கீரையை விலக்குவோர் அந்நாள்களில் கேழ்வரகையும் எள்ளையும் கூட்டிக்கொள்ளலாம்.

நம் உணவு முறையில் ஒரு குறையும் கவனிக்கத்தக்கது. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவரங்களில் இல்லை. நமக்குப் பாலும் தயிருமே வாயில். அது குறைந்தால் கை கால் மதமதப்பும், மறதியும், சோர்வும் வரும். அவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுவோம். வெயிலுக்குக் குறைவில்லாத எங்கள் மாவட்டத்திலும், விடியலில் அறைக்குள் புகுந்து மாலையில் வெளிவருவோர்க்கும், வீட்டை விட்டு வெளிவராதோர்க்கும் டி உயிர்ச்சத்துக் குறைபாடு வரும். இரண்டையும் இரத்தத்தில் அளந்து பார்க்கலாம். மாத்திரை வாங்கும்போது விழிப்பாக இருங்கள். சில சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் சிப்பி ஓட்டிலிருந்தும், பல மருந்துறைகள் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்தும் செய்யப்படுகின்றன. "சிப்பி ஓடு இல்லாதது, ஜெலட்டின் உறை இல்லாதது வேண்டும்" என்று மருந்துக் கடையில் கேளுங்கள். மாற்று வகைகள் உள்ளன. அறம் காக்க மருந்தையே கைவிட வேண்டியதில்லை.

இரவுண்ணாமை நம் முன்னோர் தந்த நன்னெறி. பொழுது சாய்வதற்கு முன் உண்டு முடிப்பது இந்தப் பருவத்தில் உறக்கத்திற்கும் செரிமானத்திற்கும் துணை செய்யும். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உண்போர் மட்டும், பர்வ நாள்களில் உண்ணாநோன்பு ஏற்கும் முன் மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். நோன்புக்காகத் தாமாகவே மருந்தை நிறுத்துவது ஆபத்து. தம் ஆற்றலுக்கு ஏற்ப நோன்பு ஏற்க வேண்டும் என்பது நம் நெறியும் ஒப்புவதே.

விலக்கு நிற்கும் வரை பெண்ணின் இதயத்திற்கு ஓரளவு காவல் உண்டு. அதன்பின் அந்தக் காவல் தளர்கிறது. சாத்தூர்ச் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் எங்கள் மாவட்டத்தின் பெருமைகள். பெருமையை எப்போதாவது சுவைத்தால் போதும். நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது எலும்பு, இதயம், உறக்கம், மனம் ஆகிய நான்குக்கும் மருந்து. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். 30 வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்கிறார்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சிவகாசியில் தொழிலாளர்க்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. காப்பீடு பெற்ற தொழிலாளிக்கு நோய் விடுப்பில் கூலியின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பதையும் உங்களிடம் பணிபுரிவோர்க்குச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் 104 என்ற அரசு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

இறுதியாக மனத்தைப் பற்றி. இப்பருவத்தில் காரணமின்றிக் கண் கலங்கும்; சிறு சொல்லுக்கும் சினம் மூளும். மகள் திருமணமாகிச் செல்வதும், மாமியார் படுக்கையில் விழுவதும், மகன் வெளியூர் போவதும் பெரும்பாலும் இதே ஆண்டுகளில்தான். கணவன்மார்களே, "இப்போதெல்லாம் ஏன் இப்படிக் கத்துகிறாய்?" என்று கேட்பதற்கு மாறாக, "இரவு தூங்கினாயா?" என்று கேட்டுப் பாருங்கள். மகன்களே, அம்மாவின் இரத்தப் பரிசோதனைச் சீட்டை ஒரு முறையேனும் படித்துப் பாருங்கள். துயரம் இரண்டு வாரத்திற்கு மேல் விடாமல் தொடர்ந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ, அது சிகிச்சை தேடவேண்டிய நோய். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பொறுமை நம் அறங்களுள் முதன்மையானது. சிறுவயது முதலே அதைக் கற்ற நம் பெண்கள், உடல் நோவையும் பொறுத்துக்கொள்வதே தவம் என்று எண்ணிவிடுகிறார்கள். பிறர் செய்த தீமையைப் பொறுப்பது பொறுமை. தீர்க்கக்கூடிய நோயை மறைத்து வைப்பது, இவ்வுடலால் ஆற்ற வேண்டிய அறங்களை எல்லாம் குறைத்துவிடும்.

சிவகாசிக்குத் தெற்கே கழுகுமலை இருக்கிறது. அங்குள்ள பாறைச் சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. மாணாக்கரைப் பெற்றிருந்தவர்கள், திருமேனிகள் செய்வித்தவர்கள். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் இளையோர் இருவர்க்கும் துணையாகக் காவிரிக் கரையிலிருந்து மதுரை வரை நடந்தார். ஏழு பருவப் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை. அந்தப் பட்டியல், காண்போர் கண்ணுக்காக வகுக்கப்பட்டது. பெயரில்லா இப்பருவத்திற்கு என்ன பெயர் சூட்டலாம் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அந்தப் பேச்சுக்கிடையே, "இரவு வேர்க்கிறதா? மூட்டு வலிக்கிறதா? மறுபடி பட்டதா?" என்றும் கேளுங்கள்.

அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் மகளிர் மருத்துவர் ஒருவரை அழைத்து, நாற்பது கடந்த பெண்களுக்கு ஒரு நாள் முகாம் நடத்துங்கள். பணிபெண்களையும், அண்டை அயலாரையும் உடன் அழைத்து வர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.